கணித வகுப்பில் கரட் எதற்கு?

"மாஸ்ரர், குறை நினைக்கக்கூடாது. பெடியன் கரட் வெட்டிப்போட்டு வாறானாம் எண்டு தாய் சொல்லுறா. உங்களிட்டைக் கணக்குப் படிக்கவெல்லோ விட்டனாங்கள்?"

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலையில், தம் மகனை அழைத்துச் செல்ல வந்த தகப்பனார் ஒருவர் எம்மிடம் இவ்வாறு கேட்டார். ரொறன்ரோவில் அவ்வாண்டின் முதற் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்பவர் அவர். மகனை வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போக வேண்டியவர். மகனோ கல்லூரியின் முதலாம் ஆண்டு நுண்கணிதத்தில் இரண்டு தடவை சித்தியடையத் தவறியவன். மூன்றாம் தடவையும் தவறினால் அக்கற்கைநெறியில் தொடர முடியாது எனக் கல்லூரி எழுத்தில் அறிவித்திருந்தது. அக்கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவர் எம்முடன் பேசினார். அப்படிப்பட்ட ஒருவரிடம், விளையாட்டாகச் செய்தால்தான் விளங்கும் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. "இன்னும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கோ, அண்ணை" என்று மட்டும் கூறினோம்.

அன்று சொல்லாத விடையை இப்போது எழுதுகிறோம். அவரைப் போலவே மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் பலர் இப்பத்திரிகையின் வாசகர்களிடையே இருப்பர்.

இச்சனிக்கிழமை வகுப்பை நடத்தும் நாம் மூவர். இருவர் ஊரில் உயர்தர மாணவருக்குத் தூய கணிதமும் பிரயோக கணிதமும் கற்பித்தவர்கள். மூன்றாமவர் சிறு வயதில் இங்கு வந்து, இங்கேயே படித்துப் பொறியியலாளரானவர். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், கல்லூரி முதலாம் இரண்டாம் ஆண்டுகளில் கணிதத்தால் இடறுபவர்களுக்காக நடைபெறுவது. இரவல் கரும்பலகை ஒன்றும் பத்துப் பன்னிரண்டு கதிரைகளும் உண்டு.

எம்மில் மூத்தவர்கள் இருவரும் கரும்பலகையையும் கடந்தகால வினாத்தாள்களையும் நம்பியே வளர்ந்தவர்கள், வளர்த்தவர்கள். அதைப் பழி சொல்ல நாம் தயாரில்லை. 1970களில் தரப்படுத்தல் வந்த பின்னர் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிள்ளையின் தலையெழுத்தாக இருந்தது. பத்து ஆண்டு வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்வித்தோம். 1990க்குப் பின்னர் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் குப்பி விளக்கின் ஒளியிலும் அதையே செய்வித்தோம். அம்முறையால் பொறியியலாளர்களும் மருத்துவர்களும் உருவானார்கள் என்பது உண்மை. அம்முறையால் கணிதத்தை விட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எமக்கு அன்று நேரமும் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

இங்கு வந்த பிள்ளைகளுடன் முதல் இரண்டு மாதமும் அவ்வழியிலேயே முயன்றோம். மேற்சொன்ன தம்பி ஒரு நாள் கூறிய வார்த்தை எம்மை நிறுத்தியது. "சேர், எனக்குச் சூத்திரம் எல்லாம் பாடம். எதை எங்கை போடுறது எண்டுதான் தெரியாது." சோதித்துப் பார்த்தோம். வகையீட்டு விதிகளை அவன் ஒரு பிழையுமின்றி ஒப்புவித்தான். ஆனால் வகையீடு என்பது எதை அளக்கிறது என்று கேட்டபோது, "அடுக்கை முன்னுக்குக் கொண்டுவந்து ஒண்டைக் குறைக்கிறது" என்றான். இரண்டு தடவை தவறியது அவனுடைய சோம்பலால் அன்று என்பது எமக்கு அந்த விடையிலேயே தெரிந்துவிட்டது.

நுண்கணிதப் பாடநூல்கள் பலவற்றிலும் ஓர் ஏணிக் கணக்கு இருக்கும். சுவரிற் சாய்த்த ஏணியின் அடி, மாறாத வேகத்தில் சுவரைவிட்டு விலகுகிறது. மேல்நுனி எவ்வேகத்தில் இறங்கும்? அவன் பரீட்சையில் விட்டுவிட்டு வந்த வினாக்களில் இதுவும் ஒன்று. எம்மில் இளையவர் எழுந்து போய், வீட்டுக்காரரின் தும்புத்தடியிலிருந்து கம்பைக் கழற்றி, 125 சென்ரிமீற்றர் நீளத்துக்கு அறுத்துக்கொண்டு வந்தார். (வீட்டுக்கார அம்மாவுக்குப் புதிய தும்புத்தடி ஒன்று இன்னும் கடன் இருக்கிறது.) சுவரிலும் நிலத்திலும் அளவுநாடாக்களை ஒட்டினோம். "அடியை ஒரே அளவாக இழுத்துக்கொண்டு போ. மேல்நுனியும் அதே அளவாக இறங்குமா?" என்று கேட்டோம். வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் "ஓம்" என்றனர்.

கம்பை நிமிர்த்தி வைத்து அடியை 5 சென்ரிமீற்றர் இழுத்தார்கள். மேல்நுனி ஒரு மில்லிமீற்றரளவே இறங்கிற்று; அளவுநாடாவில் அதைக் காண்பதே அரிது. 75இலிருந்து 80க்கு இழுத்தபோது ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் இறங்கியது. 100இலிருந்து 105க்கு இழுத்தபோது 7 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். 115இலிருந்து 120க்கு இழுத்தபோது 14 சென்ரிமீற்றர், கம்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது. அறை அமைதியாயிற்று. அடி போகும் வேகம் ஒன்றே. நுனி விழும் வேகமோ வேறு வேறு. அதை அவர்களுடைய கைகளே சொல்லிவிட்டன.

பின்னர் கரும்பலகைக்குப் போனோம். பைதகரஸ் தேற்றத்தை எழுதி, நேரம் குறித்து வகையிட்டு, நுனியின் வேகம் அடியின் வேகத்தின் எத்தனை மடங்கு என்று கண்டோம். அடியின் தூரத்தை நுனியின் உயரத்தால் வகுத்தால் அம்மடங்கு வரும். அடி 75இல் இருக்கும்போது உயரம் 100. ஆகவே முக்கால் மடங்கு. அப்போதுதான் அந்தத் தம்பி முதல் தடவையாக எம்மோடு வாதாடினான். "முக்கால் மடங்கெண்டால் அஞ்சுக்கு மூண்டேமுக்கால் இறங்கவேணும். நாங்கள் அளந்தது நாலு. சூத்திரம் பிழையோ, அளவு பிழையோ?"

இரண்டும் பிழையல்ல. 5 சென்ரிமீற்றர் என்பது பெரிய அடி. இழுக்கத் தொடங்கியபோது இருந்த வேகம் இழுத்து முடியுமுன் மாறிவிடுகிறது. "அப்படியானால் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் இழுத்துப் பார்" என்றோம். 75இலிருந்து 76க்கு. நுனி இறங்கியது ஏழரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டி. கணக்கிட்டுப் பார்த்தால் 7.6. அரைச் சென்ரிமீற்றர் இழுத்தால் இன்னும் நெருங்கும். முக்காலை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும் இந்தப் போக்குக்குத்தான் எல்லை என்று பெயர் என்றும், பாடநூலின் முதல் அத்தியாயத்தில் அவன் பாடமாக்கிய வரைவிலக்கணம் இதைத்தான் கூறுகிறது என்றும் விளக்கியபோது, அவன் அந்த அத்தியாயத்தைத் தானே எடுத்து விரித்தான். இரண்டு வருடத்தில் அவன் அதை எத்தனையோ தடவை விரித்திருப்பான்.

அன்று வீடு செல்லுமுன் இன்னொருவர் கேட்ட கேள்வி எமக்கே வேலை வைத்தது. கம்பு நிலத்தைத் தொடும் கணத்தில் உயரம் பூச்சியம். அப்படியானால் வேகம் முடிவிலி ஆகுமல்லவா? சூத்திரம் அப்படித்தான் சொல்லும். ஆனால் உண்மையான ஏணியின் மேல்நுனி அதற்கு முன்பே சுவரைவிட்டு விலகிவிடும். விலகிய பின் அச்சூத்திரம் செல்லாது. இதை நிறுவுவதற்குப் பிரயோக கணிதம் வேண்டும். எம்மில் பிரயோக கணிதம் கற்பித்தவர் அன்றிரவு தூங்கவில்லை.

இனிக் கரட். தொகையீடு என்பது மெல்லிய துண்டுகளின் கூட்டல் என்று ஆயிரம் தடவை சொல்லலாம். ஒரு கரட்டை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான வட்டங்களாக வெட்டச் செய்து, ஒவ்வொரு துண்டினதும் பெரிய முகத்தின் விட்டத்தை அளந்து, அதை உருளையாகக் கொண்டு கனவளவைக் கூட்டினால் விடை கூடிவரும். சிறிய முகத்தை எடுத்துக் கூட்டினால் குறைந்துவரும். வெட்டுமுன் அதே கரட்டை அளவுச்சாடியில் அமிழ்த்தி, உயர்ந்த நீரைக் குறித்து வைத்திருந்தோம். அப்பெறுமதி இரண்டுக்கும் நடுவே நின்றது. அரைச் சென்ரிமீற்றராக வெட்டியவர்களுக்கு மேலெல்லையும் கீழெல்லையும் நெருங்கி வந்தன. கூம்பின் கனவளவில் அந்த மூன்றிலொரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பதை எட்டாம் வகுப்பிலிருந்து கேட்காமலே விட்டவர்கள் அன்று கேட்டார்கள். தொகையிட்டுக் காட்டினோம். கரட் துண்டுகள் சம்பலாயின. மேற்படி தகப்பனாரின் காதுக்குப் போனது இச்செய்திதான். சம்பல் மட்டும் போயிற்று, தொகையீடு போகவில்லை.

எல்லாம் இப்படி நன்றாகவே நடந்தன என்று எழுதினால் அது பொய். கம்புக்கும் கரட்டுக்கும் முன்னதாக நாம் ஒரு பெரிய தவறு செய்தோம். விளையாட்டு என்றவுடன் எமக்குத் தோன்றியது போட்டிதான். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, வினாவைச் சொல்லி, முதலில் விடை சொல்பவருக்குப் புள்ளியும் பரிசும் கொடுத்தோம். சிரிப்பும் ஆரவாரமுமாக இருந்தது. மூன்று வாரத்தின் பின் ஒரு மாணவி வருவதை நிறுத்திவிட்டாள். தொலைபேசியில் அழைத்தோம். "நான் இருக்கிற பக்கம் தோற்கும் எண்டு ஆக்களுக்குத் தெரியும், சேர்" என்றாள். அவள் மெதுவாக யோசிப்பவள். ஆனால் ஆழமாக யோசிப்பவள். வேகத்தை அளக்கும் விளையாட்டு கணிதத்தைக் கற்பிப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்தவனைத் தெரியாதவன் முன் நிறுத்திக் காட்டுகிறது. நாம் போட்டியை அன்றே கைவிட்டோம். அவளோ திரும்பி வரவில்லை. அவளுக்கு நாம் செய்தது அநியாயம்.

அதன் பின் ஒரு வழக்கத்தை எமக்குள் வைத்துக்கொண்டோம். கையால் செய்த எதுவும் அன்றைய தினமே கடதாசிக்கு வந்தாக வேண்டும். அதே அத்தியாயத்திலிருந்து ஒரு பரீட்சை வினாவைச் செய்து முடித்த பின்னரே எவரும் கோட்டை மாட்டலாம்.

மேசை விளிம்பிலே புத்தகங்களை அடுக்கும் வேலை இவ்வழக்கத்துக்கு நல்ல உதாரணம். ஒரே அளவான புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, மேலுள்ளது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, பசையோ நூலோ இன்றி அடுக்க வேண்டும். மேலேயுள்ள புத்தகம் முழுவதும் மேசைக்கு வெளியே நிற்குமாறு செய்ய முடியுமா? முடியாது என்றே எல்லோரும் சொல்வர். ஒரே அளவான புத்தகங்களுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டு மலர்கள் நினைவுக்கு வந்தன. விற்காத மலர்க் கட்டுகள் இல்லாத தமிழ் வீடு இந்நகரில் எது? தடித்த அட்டை போட்ட மலர் ஒன்றில் ஒரு கட்டு கிடைத்தது.

மேலிருந்து கீழாக, முதற் புத்தகத்தை நீளத்தின் பாதியளவும், அடுத்ததை நான்கில் ஒன்றும், பின் ஆறில் ஒன்றும், எட்டில் ஒன்றும் வெளித்தள்ளிக்கொண்டே போக வேண்டும். நான்கு புத்தகங்களிலே கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அதாவது மேற்புத்தகம் முழுவதும் அந்தரத்தில். கணக்கின்படி நான்கு போதும். எமது கைநடுக்கத்துக்கு ஐந்தாவது தேவைப்பட்டது. புத்தகம் விழாமல் நின்றபோது அந்த அறையில் எழுந்த கூச்சல் மேல்வீட்டுக்காரரைக் கீழே அழைத்துவந்தது.

இங்கிருந்து இசைத்தொடருக்கு ஒரு படிதான். ஒன்று, அரை, மூன்றிலொன்று, நாலிலொன்று என்று கூட்டிக்கொண்டே போனால் அது எங்காவது நிற்குமா? உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போவதால் நிற்கத்தானே வேண்டும் என்று கல்லூரி மாணவர் பலர் எண்ணுகின்றனர். பரீட்சையிலும் அப்படியே எழுதுகின்றனர். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஒரேம் என்ற அறிஞர் இதற்கு எளிய நிறுவல் ஒன்றைத் தந்தார். மூன்றிலொன்றும் நாலிலொன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கும் சேர்ந்தால் அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரைகள் முடிவின்றிச் சேர்வதால் தொகைக்கும் முடிவில்லை. ஆகவே புத்தகங்கள் போதுமானால் எவ்வளவு தூரமும் நீட்டலாம். ஆனால் மிக மெதுவாக: இரண்டு புத்தக நீளத்துக்கு 31 வேண்டும், மூன்று நீளத்துக்கு 227. விரிதொடர் ஒன்று எவ்வளவு மந்தமாக விரியக்கூடும் என்பதை மலர் தூக்கிய தோள்கள் அறிந்தன.

நிகழ்தகவுப் பாடத்தைத் தாயத்திலிருந்து தொடங்கினோம். நான்கு நாணயங்களை எறிந்தால் பூ விழும் எண்ணிக்கை 1, 4, 6, 4, 1 என்ற விகிதத்தில் வர வேண்டும். நான்கு சோகிகளை எறிந்தால் அவ்விகிதம் வருவதில்லை. சோகி நிமிர்ந்து விழுவதும் கவிழ்ந்து விழுவதும் சரிபாதியல்ல. அந்தச் சாய்வை எறிந்து எண்ணித்தான் அறிய வேண்டும். சூதும் சோகியும் படிப்பாகுமா என்று ஒரு தாயார் கவலைப்பட்டார். பஸ்காலும் பேர்மாவும் 1654இல் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளரத் தொடங்கியது. அக்கடிதங்கள் பேசியதோ சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவதைப் பற்றி. அதைச் சொன்னபோது அவர் முகம் இன்னும் கவலையாயிற்று.

தகப்பனார் மறுபடி வந்தது தை மாதத்தில். வீதி வழுக்கியதால் வகுப்பு முடியுமுன்பே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்கதிரையில் அமர்ந்தார். மேசைமீது மூன்று பேணிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் கீழ் ஒரு ரொபி. ஒரு பேணியைத் தெரிவு செய்ய வேண்டும். ரொபி இருக்குமிடம் தெரிந்த மற்றவர், மீதி இரண்டில் வெறும் பேணி ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். இப்போது முதற் தெரிவிலேயே நிற்பதா, மாற்றுவதா? மகன் தகப்பனாரையும் அழைத்தான். அவர் நின்றார், தோற்றார். மீண்டும் நின்றார், மீண்டும் தோற்றார். "இரண்டு பேணிதானே மிச்சம்? நிண்டால் என்ன, மாத்தினால் என்ன?" என்றார்.

அவ்வாறு நினைத்தவர் அவர் மட்டுமல்லர். 1990இல் மரிலின் வொஸ் சவான்ட் என்ற அம்மையார், மாற்றுவதே நல்லது என்று அமெரிக்க வார இதழொன்றில் எழுதியபோது, பத்தாயிரம் அளவான கடிதங்கள் வந்தன. பல அவரைப் பிழை என்றன. கலாநிதிப் பட்டம் பெற்றவர்களின் கடிதங்களே ஆயிரத்தை அண்டின. ஏர்டிஷ் போன்ற மாபெரும் கணித மேதைகூட, கணினியில் அவ்விளையாட்டைப் பல தடவை ஓடவிட்டுக் காட்டிய பின்னரே இணங்கினார் என்று எழுதப்பட்டிருக்கிறது. எம் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டியிருப்பதில் வெட்கம் என்ன?

ஆராய்ச்சிகளையும் சிறிது பார்த்தோம். கல்லூரி மட்டத்தில் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைக் கற்பிப்பது பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 34 பேரளவில் தவறினர். வகுப்பிலே தாமே செய்தும் பேசியும் கற்றவர்களில் 22 பேரளவில். இது விளையாட்டை மட்டும் பற்றியதன்று. மாணவன் சும்மா இராத எல்லா முறைகளையும் பற்றியது. எமக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் வகுப்புகளிலிருந்து 2019இல் வந்த முடிவு. தாமே செய்து கற்றவர்கள் சோதனையில் கூடுதலாக எடுத்தனர். ஆனால் தாம் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் எண்ணினர். நல்ல விரிவுரையைக் கேட்பவனுக்கு எல்லாம் விளங்கியது போல இருக்கும். தானே தடுமாறிச் செய்பவனுக்குத் தன் தடுமாற்றமே நினைவில் நிற்கும். மாணவனுக்கே அப்படியென்றால் வெளியே காரில் காத்திருக்கும் தகப்பனாருக்கு எப்படியிருக்கும்!

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு மட்டைத் துண்டுடன் வந்தார். வேலையிடத்து இடைவேளையில் கோப்பிக் கடதாசிக் குவளைகள் மூன்றையும் ஒரு சீனிப் பொட்டலத்தையும் வைத்து, சக தொழிலாளருடன் 60 தடவை விளையாடியிருக்கிறார். மட்டையிலே கோடு கோடாகக் குறித்திருந்தார். மாற்றியவர்கள் வென்றது மூன்றில் இரண்டை அண்டி நின்றது. "அது சரி மாஸ்ரர், வருகுது. ஏன் வருகுது?" என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் மகன் சோக்கட்டியை எடுத்தான். முதலில் தொட்ட பேணி சரியாக இருக்க மூன்றிலொரு வாய்ப்பு; முதலில் பிழைத்த ஒவ்வொரு தடவையும் மாற்றினால் வெற்றி; பிழைப்பதோ மூன்றில் இரண்டு. தூக்குபவருக்கு இடம் தெரியாமல், தற்செயலாக வெறும் பேணி அகப்பட்டிருந்தால் மட்டும் இரண்டும் சமம் என்பதையும் அவனே சேர்த்துக்கொண்டான். அதை நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சித்திரையில் அவன் நுண்கணிதத்தில் சித்தியடைந்தான். உயர்ந்த புள்ளி அன்று. அவனோடு கற்ற இன்னொருவர் தவறி, வேறு கற்கைநெறிக்கு மாறினார்; அவருக்கு எம் முறை உதவவில்லை. இருவரும் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகின்றனர், ஒருவர் கற்க, ஒருவர் கதிரை அடுக்க.

மூன்று புத்தக நீளத்துக்கு அடுக்கிப் பார்ப்பது என்று மாணவர்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள். எம்மிடம் இருப்பவை 40. தடித்த அட்டையுடன், ஒரே ஆண்டுக்குரிய மலர்க் கட்டுகள் எந்தச் சங்கத்தவரின் வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருந்தால் தந்துதவுங்கள். ஒரு பக்கமும் கிழியாமல் திருப்பித் தருவோம்.